கம்யூனிட்டி காசுல கையடக்க டிவைஸ் பண்றீங்களா? முதல் ப்ரோட்டோடைப் ரவுண்டை இப்படிக் கொண்டு போங்க

கேம் கன்சோலோ, பாக்கெட்ல போற குட்டி கம்ப்யூட்டரோ, ரேடியோவோ, என்னவா வேணா இருக்கட்டும். நாலு பேர் ஆர்வத்துல ஆரம்பிச்சு ஊர்ப்பட்ட பேர் காசு போட்டு நடக்குற ஹார்டுவேர் ப்ராஜெக்ட்ல புதுசா சேர்றவங்க முதல்ல கேக்குறது "எந்த ஃபேக்டரில குடுக்கலாம்"ங்கிறதுதான். அந்தக் கேள்விக்கு இன்னும் நாள் இருக்குங்க. அதுக்கு முன்னாடி ப்ரோட்டோடைப், அதாவது சோதிச்சுப் பார்க்க சில டிவைஸ் மட்டும் பண்ணிப் பார்க்கிறதுன்னு ஒரு கட்டம் இருக்கு, நிறைய ப்ராஜெக்ட் சிக்கிக்கிட்டு நிக்கிறது அங்கதான்.

சர்க்யூட் போர்டுக்கு கரண்ட் குடுத்ததும் எல்இடி எரிஞ்சுடுச்சு, ஸ்க்ரீன்ல லோகோ வந்துடுச்சுன்னு போட்டோ போட்டு எல்லாரும் கொண்டாடுவாங்க. சந்தோஷமான விஷயம்தான். ஆனா ஒரு ரவுண்டு சக்ஸஸ்னு நான் ஒத்துக்கணும்னா ரெண்டு விஷயம் பார்ப்பேன். ஒண்ணு, அடுத்த ரவுண்டுல என்னென்ன மாத்தணும்னு தெளிவா எழுதின லிஸ்ட் இருக்கா. ரெண்டு, டிசைன் பண்ணவரைத் தவிர வேற ஒருத்தர் அந்த ஃபைல்களை மட்டும் வச்சுக்கிட்டு அதே போர்டைப் பண்ணி ஓட வைக்க முடியுமா. காசு போட்டவங்களுக்கு நம்மால குடுக்க முடிஞ்ச நேர்மையான கணக்கு இது ரெண்டும்தான். கீழ சொல்ற எல்லாமே இந்த ரெண்டையும் மனசுல வச்சு எழுதினது.

கேள்வி லிஸ்ட் எழுதுங்க

ப்ரோட்டோடைப் எடுக்கிறதே சில கேள்விக்குப் பதில் தெரிஞ்சுக்கத்தான். பேட்டரி எத்தனை மணி நேரம் வரும், அரை மணி நேரம் கேம் ஓடினா பின்பக்கம் கை சுடுமா, ஒரு கையில பிடிச்சா கட்டைவிரல் எல்லா பட்டனுக்கும் எட்டுதா, வெயில்ல ஸ்க்ரீன் தெரியுதா, வைஃபை ஆண்டெனா மேல உள்ளங்கை வந்தா சிக்னல் எவ்வளவு விழுது. இப்படி ஒவ்வொண்ணையும் எழுதி, எதிர்ல "இந்த அளவு வந்தா பாஸ்"னு நம்பரையும் எழுதிடுங்க. நம்பரை முன்னாடியே எழுதிடணும். போர்டு வந்தப்புறம் எழுதினா வந்த ரிசல்ட்டுக்கு ஏத்த மாதிரி நம்ம மனசு பாஸ் மார்க்கை இறக்கிடும்.

அப்புறம் எந்தக் கேள்வி எந்த ரவுண்டுக்குன்னு பிரிச்சுக்கோங்க. தொழில்ல இதுக்கு இவிடி, டிவிடி, பிவிடின்னு மூணு கட்டம் சொல்வாங்க: முதல்ல சர்க்யூட் வேலை செய்யுதான்னு பார்க்கிறது, அடுத்து கேஸ் (வெளிக்கூடு), பட்டன், பேட்டரி எல்லாம் சேர்ந்த முழு டிவைஸ் சரியான்னு பார்க்கிறது, கடைசியா ஃபேக்டரி லைன்லயே போட்டு ஒரே தரத்துல வருதான்னு பார்க்கிறது. சின்ன டீம்ல எல்லாத்தையும் ஒரே போர்டுல சாதிச்சுடலாம்னு ஆசை வரும், அந்த ஆசைக்கு மட்டும் இடம் குடுக்காதீங்க.

டெவலப்மென்ட் போர்டுல ஓட்டிப் பாருங்க

எந்த சிப் போடப் போறீங்களோ அந்த சிப் இருக்குற ரெடிமேட் டெவலப்மென்ட் போர்டு வாங்கி, ஸ்க்ரீன், பட்டன், ஸ்பீக்கர் எல்லாத்தையும் ஒயர்ல இழுத்து மேஜை மேல ஒரு சிலந்திவலை கட்டிடுங்க. பார்க்க அசிங்கமா இருக்கும், ஆனா ஃபர்ம்வேர் (டிவைஸுக்குள்ளயே ஓடுற சாஃப்ட்வேர்) எழுதுறவங்க இன்னைக்கே வேலை ஆரம்பிக்கலாம். சொந்த போர்டு கைக்கு வர்றப்போ ஸ்க்ரீன் டிரைவர் ஏற்கனவே ஓடிக்கிட்டு இருக்கும், அதனால ஏதாவது வரலைன்னா பிரச்சினை போர்டுலயா சாஃப்ட்வேர்லயான்னு மண்டையைப் பிச்சுக்க வேண்டியதில்ல. கரண்ட் எவ்வளவு இழுக்குதுன்னும் இங்கேயே அளந்துடுங்க. சராசரியா 200 மில்லிஆம்ப் இழுக்குற டிவைஸுக்கு 2000 மில்லிஆம்ப்-அவர் பேட்டரி போட்டா கணக்குப்படி 10 மணி நேரம், நிஜத்துல ரெகுலேட்டர் (வோல்டேஜை மாத்திக் குடுக்குற பார்ட்) லாஸ் எல்லாம் போக அதைவிடக் கம்மிதான் வரும். தூங்குற நிலைல எவ்வளவு இழுக்குதுன்னு தனியா பாருங்க, கையடக்க சாதனம் வாழ்க்கைல பாதி நேரம் பைக்குள்ள தூங்கிக்கிட்டுதான் இருக்கும்.

பார்ட்ஸ் செலக்‌ஷன்

புதுசா வந்த பளபளப்பான சிப் வேண்டாம். டேட்டாஷீட் (சிப்போட விவரக் குறிப்பு) முழுசா வெளில கிடைக்கிற, ரெண்டு மூணு டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட ஸ்டாக் இருக்குற, நாலு பேர் ஏற்கனவே போட்டு அடிபட்டு எழுதி வச்ச சிப்பா எடுங்க. 2020 முதல் 2022 வரைக்கும் சிப் தட்டுப்பாடு வந்தப்போ சாதாரண மைக்ரோகண்ட்ரோலரே கிடைக்காம எத்தனையோ டீம் போர்டைத் திரும்ப வரைய வேண்டி வந்துச்சு. ரெசிஸ்டர், கெப்பாசிட்டருக்கு மாத்து கிடைச்சுடும், பயப்பட வேண்டியது ஸ்க்ரீனுக்குத்தான். சின்ன சைஸ் டிஸ்ப்ளே பேனல் திடீர்னு நின்னு போயிடும், அதே மாடல்னு சொல்லி உள்ள கண்ட்ரோலரை மாத்தியும் அனுப்புவாங்க. அதனால ஸ்க்ரீனை முதல்ல முடிவு பண்ணுங்க, மாத்து பேனல் ஒண்ணையும் பார்த்து வச்சுக்கிட்டு அதுக்கப்புறம் போர்டு வரைய உக்காருங்க.

ரேடியோ பக்கம் ஒரே வார்த்தை: ஏற்கனவே சர்டிஃபிகேட் வாங்கின வைஃபை, ப்ளூடூத் மாட்யூல் போடுங்க. ஆர்எஃப் (ரேடியோ அலை) சர்க்யூட்டை முதல் ப்ராஜெக்ட்லயே சொந்தமா வரைஞ்சா டெஸ்ட் லேப் செலவு மட்டுமே டீமை முடக்கிடும். மாட்யூல் போட்டாலும் டிவைஸை மொத்தமா வச்சு சில டெஸ்ட் எடுத்தே ஆகணும், ஆனா பாரம் பெரிய அளவுல குறைஞ்சுடும்.

சர்க்யூட் வரையறப்போ கவனமா இருக்க வேண்டிய இடங்கள்

கீகேட் மாதிரி இலவச ஓப்பன் சோர்ஸ் டூல்ல வரைஞ்சா கம்யூனிட்டில யார் வேணா திறந்து பார்க்கலாம், தப்பு கண்டுபிடிக்கலாம். வரைஞ்சு முடிச்சதும் ரெண்டு பேராவது சர்க்யூட்டை டேட்டாஷீட்டோட வச்சு பின் பின்னா சரிபார்க்கட்டும், சாஃப்ட்வேர் சொல்ற ரூல் செக் மட்டும் போதாது. கையடக்க டிவைஸ்ல வழக்கமா அடிபடுற இடங்கள் சிலது இருக்கு, அதை மட்டும் விரிவா சொல்றேன்.

யூஎஸ்பி-சி போர்ட். சார்ஜ் வாங்குற பக்கத்துல சிசி1, சிசி2னு ரெண்டு பின் இருக்கும், ரெண்டுக்கும் தனித்தனியா 5.1 கிலோஓம் ரெசிஸ்டர் கிரவுண்டுக்குப் போடணும். ரெண்டையும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர்ல முடிச்சுடலாம்னு தோணும். 2019ல வந்த ராஸ்பெர்ரி பை 4 முதல் வெர்ஷன்ல இப்படித்தான் ஆச்சு, உள்ள சிப் இருக்குற நல்ல கேபிள் போட்டா சார்ஜர் அதை ஆடியோ அடாப்டர்னு நினைச்சு கரண்டே குடுக்கல, சாதாரண கேபிள்ல மட்டும் ஓடுச்சு, அப்புறம் வந்த போர்டு ரிவிஷன்ல சரி பண்ணாங்க. அவ்வளவு பேர் பார்த்த போர்டுலயே நழுவிப் போன விஷயம், அதனால உங்க போர்டை டெஸ்ட் பண்றப்போ கையில கிடைக்கிற எல்லா வகை கேபிள், சார்ஜரையும் போட்டுப் பார்த்துடுங்க.

ஸ்க்ரீனோட பட்டை கேபிள் கனெக்டர். இதுல மேல் பக்கம் தொடுறது, கீழ் பக்கம் தொடுறதுன்னு ரெண்டு வகை இருக்கு. வகை மாறினா கேபிளைத் திருப்பிப் போட வேண்டி வரும், திருப்பினா 40 பின் கேபிள்ல 1ஆம் பின் இருந்த இடத்துக்கு 40ஆம் பின் வந்து உக்காரும். 0.5 மில்லிமீட்டர் இடைவெளில இருக்குற பின்னுங்க, ஒயர் வச்சு மாத்தி சால்டர் பண்றதெல்லாம் சாதாரண வேலை இல்ல. நிஜ ஸ்க்ரீனையும் நிஜ கனெக்டரையும் கையில வச்சு, எந்தப் பக்கம் தங்க முலாம் தெரியுது, கேபிள் எந்தப் பக்கமா மடங்குதுன்னு பார்த்துட்டு வரையுங்க.

பேட்டரி கனெக்டர். 2 மில்லிமீட்டர் ஜேஎஸ்டி கனெக்டர் போட்டு பேட்டரி விக்கிறாங்க, ஆனா சிவப்பு எந்தப் பக்கம்னு எல்லா கம்பெனிக்கும் ஒரே வழக்கம் கிடையாது. தலைகீழா வந்த பேட்டரியைக் குத்தினா போர்டு போயிடும், சமயத்துல புகையும் வரும். போர்டுலயே ப்ளஸ், மைனஸ் பெருசா அச்சடிங்க, தலைகீழ் பாதுகாப்புக்கு ஒரு மாஸ்ஃபெட் (சுவிட்ச் மாதிரி வேலை செய்யுற டிரான்சிஸ்டர்) போடுங்க, புது பேட்டரி ஒவ்வொண்ணையும் மீட்டர் வச்சுப் பார்த்துட்டுத்தான் குத்தணும்னு கண்டிஷனா சொல்லிடுங்க. பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத லித்தியம் செல் இந்த மாதிரி ப்ராஜெக்ட்ல வேண்டவே வேண்டாம்.

கெப்பாசிட்டர்லயும் ஒரு சின்ன சமாச்சாரம் இருக்கு. 10 மைக்ரோஃபாரட்னு போட்டிருக்கிற பொடி சைஸ் செராமிக் கெப்பாசிட்டர், மேல வோல்டேஜ் ஏறினதும் பாதிக்கும் கீழ இறங்கிடலாம். உற்பத்தியாளர் தர்ற கிராஃபைப் பார்த்து சைஸ் எடுங்க.

முதல் ரவுண்டு போர்டுல தாராளமா இடம் விடுங்க. ஒவ்வொரு பவர் லைனுக்கும் டெஸ்ட் பாயின்ட், லைனை வெட்டி கரண்ட் அளக்க பூஜ்ஜிய ஓம் ரெசிஸ்டர், சீரியல் போர்ட் எடுக்க மூணு பேடு, டீபக்கர் (சிப்புக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்க்குற கருவி) குத்த ஒரு ஹெடர் (பின் வரிசை). அழகு ரெண்டாவது ரவுண்டுல பார்த்துக்கலாம்.

கேஸும் பட்டனும்

இதை எலக்ட்ரானிக்ஸ் ஆளுங்க கடைசிக்குத் தள்ளிடுவாங்க. ஓப்பன்பேண்டோரான்னு ஒரு கையடக்க லினக்ஸ் கம்ப்யூட்டர், முழுக்க ரசிகர்கள் பணத்துல நடந்தது. 2008 செப்டம்பர்ல முன்பதிவு ஆரம்பிச்சாங்க, டிவைஸ் ஆட்கள் கைக்குப் போகத் தொடங்கினது 2010ல. கேஸ் வார்க்குற மோல்டும் (அச்சு), விரலால தள்ளுற அந்தக் குட்டி அனலாக் நப்பும் அவங்களை ரொம்பப் படுத்துச்சு. கையில பிடிக்கிற பொருள்ல சர்க்யூட் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் இதுவும்.

போர்டு ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி அதை நிஜ அளவுல பேப்பர்ல ப்ரிண்ட் எடுத்து, அட்டையில ஒட்டி, நிஜ கனெக்டர், பட்டன், பேட்டரி எல்லாத்தையும் மேல வச்சுப் பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை, ஸ்க்ரூ ஓட்டை பேட்டரிக்கு அடில வந்திருக்கிறதெல்லாம் இங்கேயே தெரிஞ்சுடும். அப்புறம் 3டி ப்ரிண்ட்ல கேஸ் எடுத்து, சின்ன கை, பெரிய கை, இடக்கைப் பழக்கம் இருக்கிறவங்கன்னு பல பேர்கிட்ட குடுத்து ஒரு மணி நேரமாவது பிடிக்கச் சொல்லுங்க. பட்டன் அழுத்துறப்போ பக்கவாட்டுல ஆடுதா, மூலைல அழுத்தினா மாட்டிக்குதா, டி-பேடுல (நாலு திசை பட்டன்) மேலயும் வலதும் சேர்த்து அழுத்த முடியுதா, இதெல்லாம் ஸ்க்ரீன்ல மாடலைச் சுத்திப் பார்த்தா தெரியவே தெரியாது.

பின்னாடி இன்ஜெக்‌ஷன் மோல்டுக்குப் போகப் போறீங்கன்னா இப்பவே அந்த விதிப்படி வரையுங்க: சுவர் முழுக்க ஒரே தடிமன், மோல்டுலருந்து கழண்டு வர்றதுக்கு ஒண்ணு ரெண்டு டிகிரி சாய்வு. 3டி ப்ரிண்டர் எந்த வடிவத்தையும் போட்டுக் குடுத்துடும், மோல்டு குடுக்காது. மோல்டு வெட்டினப்புறம் இரும்பை இன்னும் கொஞ்சம் செதுக்கலாம், செதுக்கினதைத் திரும்ப ஒட்டுறது கஷ்டம், அதனால சந்தேகமான இடத்துல ப்ளாஸ்டிக் கம்மியா வர்ற மாதிரி ஆரம்பிச்சு அப்புறம் கூட்டிக்கிறதுதான் மோல்டுக்காரங்க வழக்கம். ரெண்டாவது ரவுண்டுக்கு பத்து இருபது கேஸ் போதும்னா சிலிக்கோன் ரப்பர் மோல்டுல வேக்குவம் காஸ்டிங் பண்ணிக்கலாம், அது தாங்குறதே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

ஆர்டர்

ஃபேக்டரிக்குப் போக வேண்டியது மூணு: கெர்பர் ஃபைல் (போர்டோட ஒவ்வொரு லேயருக்குமான வரைபடம்), பார்ட்ஸ் லிஸ்ட், எந்த பார்ட் எங்க எந்தக் கோணத்துலங்கிற ப்ளேஸ்மென்ட் ஃபைல். மூணாவதுலதான் வம்பு வரும், டிசைன் சாஃப்ட்வேர் நினைக்கிற 0 டிகிரியும் ஃபேக்டரி மெஷின் நினைக்கிற 0 டிகிரியும் ஒண்ணா இருக்காது, சிப் 90 டிகிரி திரும்பி உக்காந்துடும். அசெம்பிளிக்கு முன்னாடி அவங்க அனுப்புற படத்துல ஒவ்வொரு சிப்போட 1ஆம் பின் புள்ளியையும், ஒவ்வொரு டயோடோட கோட்டையும் ஒருத்தர் உக்காந்து டிக் அடிக்கணும்.

அஞ்சு போர்டு எடுக்கலாமா பத்தா? ஃபர்ம்வேர் எழுதுறவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு, கேஸ் பார்க்குறவருக்கு ஒண்ணு, உடைச்சுப் பார்க்குறதுக்கு ரெண்டு, அப்படிக் கணக்குப் போடுங்க. பார்ட்ஸ் ஏத்தாத வெறும் போர்டு ரெண்டும் சேர்த்து வாங்கிக்கோங்க, ஒரு லைன் எங்க போகுதுன்னு தேடுறப்போ அது பெரிய உதவி.

முதல் தடவை கரண்ட் குடுக்கிறது

பார்சல் வந்ததும் எல்லா போர்டுக்கும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுங்க. ஒண்ணே ஒண்ணை மட்டும் எடுங்க, மத்ததுக்கு இப்போதைக்கு கரண்ட் குடுக்காதீங்க. பேட்டரி மாட்டாதீங்க, ஸ்க்ரீனும் வேண்டாம்.

முதல்ல லென்ஸ் வச்சு சால்டரைப் பாருங்க, பக்கத்துப் பக்கத்து பின் ஒட்டிக்கிட்டு இருக்கா, ஏதாவது பார்ட் ஒரு பக்கமா தூக்கிக்கிட்டு நிக்குதா. அடுத்து மல்டிமீட்டர்ல ஒவ்வொரு பவர் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ரெசிஸ்டன்ஸ் அளந்து எழுதுங்க. 3.3 வோல்ட் லைன் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் காட்டினா ஷார்ட், அங்கேயே நிறுத்துங்க. ப்ராசஸர் கோர் லைன் மட்டும் நல்ல போர்டுலயே சில ஓம்தான் காட்டும், பீப் சத்தம் கேட்டு பயந்துடாதீங்க, இன்னொரு போர்டுல அதே இடத்தை அளந்து ஒப்பிட்டுப் பாருங்க.

இப்ப பேட்டரி இருக்க வேண்டிய இடத்துல பெஞ்ச் பவர் சப்ளை (வோல்டேஜும் கரண்ட் லிமிட்டும் நாமே வைக்கிற மேஜை சப்ளை) குடுங்க, 3.8 வோல்ட், கரண்ட் லிமிட் 100 மில்லிஆம்ப். லிமிட்டைத் தொட்டு வோல்டேஜ் சரிஞ்சா உடனே ஆஃப். எங்க ஷார்ட்னு கண்டுபிடிக்க ஒரு அருமையான வழி இருக்கு: போர்டு மேல ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் மெல்லிசா தடவி, லிமிட்டைக் குறைச்சு வச்சு திரும்ப கரண்ட் விடுங்க. எந்த பார்ட் சூடாகுதோ அந்த இடத்துல மட்டும் ஈரம் முதல்ல காஞ்சு வட்டமா தெரியும். ஆல்கஹால் பத்திக்கிற பொருள், காத்தோட்டமான இடத்துல துளியூண்டு மட்டும் போடுங்க. ஷார்ட் எதுவும் இல்லன்னா பவர் லைனை வரிசையா அளந்து, டீபக்கர்ல சிப்போட ஐடி வருதான்னு பாருங்க. ஐடி வந்துடுச்சுன்னா பாதி கிணறு தாண்டியாச்சு. அப்புறம் சீரியல் போர்ட்ல முதல் வரி எழுத்து, அதுக்கப்புறம் மெமரி டெஸ்ட், அதுக்கப்புறம்தான் ஸ்க்ரீன். ஸ்க்ரீன் மாட்டுறதுக்கு முன்னாடி கனெக்டர் பின்கள்ல எந்த வோல்டேஜ் எங்க வருதுன்னு மீட்டர்ல பார்த்துடுங்க, பேக்லைட் வோல்டேஜ் தப்பான பின்ல போனா பேனல் அந்த நொடியே காலி.

ஒவ்வொரு அளவையும் போர்டு நம்பரோட எழுதி வைங்க. "3ஆம் போர்டு, 1.8 வோல்ட் லைன், 1.79"ங்கிற மாதிரி சாதாரண வரிதான், ஆனா ரெண்டு மாசம் கழிச்சு 3ஆம் போர்டு மட்டும் தூங்கி எழுந்திரிக்கலைன்னு ஒருத்தர் சொல்றப்போ அந்த வரிதான் கை குடுக்கும்.

எல்லாத்தையும் ஒண்ணா ஓட விடுங்க

தனித்தனியா எல்லாம் பாஸ் ஆனது போதாது. 2008ல வந்த ஓப்பன்மோக்கோ நியோ ஃப்ரீரன்னர் போன்ல ஜிபிஎஸ் தனியா நல்லாதான் வேலை செஞ்சது, எஸ்டி கார்டு தனியா நல்லாதான் வேலை செஞ்சது. கார்டு உள்ள இருந்தா மட்டும் ஜிபிஎஸ் சாட்டிலைட்டைப் பிடிக்கத் திணறும். எஸ்டி கார்டோட கிளாக் சிக்னல் இரைச்சல் ஜிபிஎஸ்ஸைத் தொந்தரவு பண்ணதுதான் காரணம்னு தெரிஞ்சதும், கார்டு சும்மா இருக்கிறப்போ அந்தக் கிளாக்கை நிறுத்துற கெர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட அடிப்படைப் பகுதி) மாற்றம் வந்துச்சு, அந்த லைன்ல 10 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு சால்டர் பண்ற வழியும் வந்துச்சு. அவ்வளவு குட்டி பார்ட். டிசைன் திறந்த நிலைல இருந்ததால சால்டர் தெரிஞ்சவங்க தங்க போன்லயே அதைப் பண்ணிக்க முடிஞ்சது, எனக்கு இந்தக் கதைல ரொம்பப் பிடிச்சது அதுதான்.

அதனால ஸ்க்ரீன் முழு வெளிச்சம், ஸ்பீக்கர் சத்தம், வைஃபை டவுன்லோடு, கார்டு எழுதுறது, சார்ஜ் ஏறுறது எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஓட விட்டு, கேஸை மூடி, சூடு அளங்க. பேட்டரி 4.2 வோல்ட்ல சார்ஜ் நிக்குதா, பேட்டரி சூடானா சார்ஜ் தானா நிக்குதா, சுத்தமா காலியானப்புறம் திரும்ப உயிர் வருதான்னு பாருங்க. கடைசிது ரொம்ப முக்கியம், காலியான பேட்டரியோட சார்ஜர் குத்தினா பூட் ஆகவே ஆகாம சுத்திக்கிட்டே இருக்குற டிவைஸ் நிறைய உண்டு.

யார்கிட்ட குடுக்கிறது, என்ன சொல்றது

ப்ரோட்டோடைப்பை அதிகமா காசு போட்டவங்களுக்கு மரியாதையா அனுப்பணும்னு ஒரு பேச்சு வரும். வேண்டாங்க. லாக் (டிவைஸ் எழுதி வைக்கிற பதிவு) எடுத்து அனுப்பத் தெரிஞ்சவங்க, கழட்டி மாட்டத் தெரிஞ்சவங்க, குறை கண்டா நேரடியா சொல்றவங்க, அவங்ககிட்ட குடுங்க. பைன்ஃபோன்ங்கிற லினக்ஸ் போன் பண்ணவங்க 2020 ஆரம்பத்துல ப்ரேவ்ஹார்ட்னு ஒரு பதிப்பு அனுப்பினாங்க, இது டெவலப்பர்களுக்கும் துணிஞ்சவங்களுக்கும் மட்டும்தான்னு தெளிவா சொல்லியே வித்தாங்க. அந்தத் தெளிவு வேணும். லித்தியம் பேட்டரியோட பார்சல் அனுப்பணும்னா யூஎன் 38.3 (லித்தியம் பேட்டரியை அனுப்புறதுக்கான பாதுகாப்பு டெஸ்ட்) ரிப்போர்ட் இருக்குற பேட்டரியா வாங்கிக்கோங்க, இல்லன்னா கூரியர்ல எடுக்கவே மாட்டாங்க.

மத்த எல்லாருக்கும் எது ஓடுது, எது ஓடல, எதை இன்னும் டெஸ்ட் பண்ணவே இல்லன்னு மூணையும் பிரிச்சு எழுதுங்க. நிஜ போட்டோ போடுங்க, கம்ப்யூட்டர்ல வரைஞ்ச படம் வேண்டாம். ஹார்டுவேர் ப்ராஜெக்ட்னா வேலை செய்யுற ப்ரோட்டோடைப் காட்டணும், நிஜம் மாதிரி வரைஞ்ச படம் கூடாதுன்னு மக்கள்கிட்ட காசு திரட்டித் தர்ற கிக்ஸ்டார்ட்டர் சைட்டே 2012ல விதி கொண்டு வந்துச்சு. தேதி சொல்லியே ஆகணும்னா அடுத்து முடியப் போற ஒரு வேலைக்கு மட்டும் சொல்லுங்க, டெலிவரிக்கு இப்ப வேண்டாம்.

ரவுண்டை மூடுறது

வந்த குறை எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல எர்ராட்டாவா (குறைப் பட்டியலா) எழுதுங்க: என்ன நடக்குது, எந்த போர்டு நம்பர்ல, காரணம் என்ன, இப்போதைக்கு எப்படிச் சமாளிக்கலாம், அடுத்த ரிவிஷன்ல என்ன மாத்தணும். ஒயர் போட்டு சரி பண்ண இடத்துக்கு க்ளோஸ்-அப் போட்டோ வைங்க. சர்க்யூட், கெர்பர், பார்ட்ஸ் லிஸ்ட், கேஸ் ஃபைல், அந்த போர்டுல ஓடின ஃபர்ம்வேர் எல்லாத்துக்கும் ரெபாசிட்டரில (ஃபைல் எல்லாம் சேர்த்து வைக்கிற இடம்) ஒரே வெர்ஷன் டேக் போடுங்க. லைசென்ஸ் இன்னும் போடலைன்னா இப்பவாவது போடுங்க, ஹார்டுவேருக்குன்னே எழுதின சிஈஆர்என் ஓப்பன் ஹார்டுவேர் லைசென்ஸோட ரெண்டாவது வெர்ஷன் 2020ல வந்துச்சு, மாத்தினதைத் திரும்ப வெளில குடுக்கச் சொல்றதுல கண்டிப்பானது, நடுவுல இருக்குறது, தாராளமானதுன்னு மூணு வகை இருக்கு, உங்க கம்யூனிட்டி பேசி ஒண்ணை எடுத்துக்கலாம்.

அப்புறம் டிசைன் டீம்ல இல்லாத ஒருத்தரைப் பிடிச்சு, அந்த டேக்ல இருக்குற ஃபைலையும் வெறும் போர்டு ஒண்ணையும் அதுக்கான பார்ட்ஸையும் மட்டும் குடுத்து, யாரையும் கேக்காம அசெம்பிள் பண்ணி பூட் பண்ணச் சொல்லுங்க. அவர் எங்கெல்லாம் புரியாம நிக்கிறாரோ அங்கெல்லாம் டாக்குமென்ட்ல ஒரு வரி சேருங்க. அந்த வேலை முடிஞ்ச அன்னைக்கு ரெண்டாவது ரவுண்டு போர்டுக்கு ஆர்டர் போடலாம்.